கணினி மேடை: வாசகர் கேள்வி – பதில்

பைசைடு 6-இல் (பைத்தானில் விண்டோ நிரல்கள் எழுத உதவும் நிரலகம்) கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறோம். புதிதாகத் திறப்பவருக்கு ஒவ்வொரு பட்டனாகச் சுட்டிக்காட்டிச் சொல்லித்தரும் பயிற்சியையும் உள்ளேயே சேர்த்தோம். எங்கள் கணினியில் பட்டனைச் சுற்றி வரும் கட்டம் சரியாக விழுகிறது. கடைக்காரர் கணினியில் எங்கோ போய் விழுகிறது. ஏன்?
— ஈரோட்டு வாசகர்

கட்டத்தின் இடத்தை எண்ணாக எழுதி வைத்திருப்பீர்கள். கடைகளில் இன்னும் 1366×768 திரைகள்தான் நிறைய. அதில் விண்டோஸ் ஸ்கேலிங் 125% என்றால் உங்கள் நிரலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1093×614 மட்டுமே. விண்டோ சுருங்கும், பட்டன்களை அடுக்கும் லேஅவுட் அவற்றை நகர்த்தும், உங்கள் எண் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்பு) ஆப்ஜெக்ட்நேம் எனும் பெயர் வையுங்கள். பயிற்சிப் படியில் அந்தப் பெயர் மட்டும் இருக்கட்டும். படி தொடங்கும்போது ஃபைண்ட்சைல்டால் தேடி, மேப்டூ மூலம் அதன் இடத்தை மெயின் விண்டோவின் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இடங்களை மறைக்கும் மங்கலான திரையை மெயின் விண்டோவின் சைல்ட் விட்ஜெட்டாகப் போட்டு, செட்மாஸ்க் கொண்டு பட்டன் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். சுற்றிலும் 6 பிக்சல் இடைவெளி விட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும். வெட்டிய ஓட்டை வழியாகச் சொடுக்கு நேரே பட்டனுக்குப் போகும். விண்டோவுக்கும் பட்டனுக்கும் ஈவென்ட் ஃபில்டர் போட்டு, அளவோ இடமோ மாறும்போதெல்லாம் மறுபடி கணக்கிடுங்கள்.

இடது மேல் மூலையில் 100-க்கு 30 அளவில் ஒரு கட்டம் விழுகிறதா? லேஅவுட் முடியுமுன்பே அளந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திரையில் இன்னும் வராத சைல்ட் விட்ஜெட் அந்த அளவைத்தான் சொல்லும். விண்டோ தோன்றிய பின் சிங்கிள்ஷாட் டைமரை 0-வுக்கு வைத்து அளந்தால் சரியாகிவிடும். டூல்பார் பட்டன் என்றால் இன்னொன்றும் உண்டு: க்யூஆக்‌ஷன் என்பது ஒரு செயலைக் குறிக்கும் பொருள், விட்ஜெட் அல்ல. விட்ஜெட்ஃபார்ஆக்‌ஷன் மூலம் அதன் பட்டனை வாங்க வேண்டும். விண்டோ ஒடுங்கினால் அது கடைசியிலுள்ள அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே சுட்டிக்காட்டுங்கள்.

‘சேமி பட்டனை அழுத்துங்கள்’ என்ற படியில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சேமித்த பிறகும் பயிற்சி அடுத்த படிக்கு நகர்வதில்லை.
— மதுரை வாசகர்

சொடுக்கை மட்டும் கவனிக்கிறீர்கள். அவர்கள் கன்ட்ரோல்+எஸ் அழுத்தியிருப்பார்கள். அதே ஆக்‌ஷனின் ட்ரிகர்ட் சிக்னலை (அது இயக்கப்பட்டதும் வரும் அறிவிப்பு) பிடித்தால் மெனு, டூல்பார், ஷார்ட்கட் மூன்றும் அடங்கிவிடும். ஆனால் அதுவும் அரைகுறைதான்: சேமிக்கும் டயலாக்கில் ‘ரத்து’ அழுத்தினாலும் ட்ரிகர்ட் ஏற்கெனவே வந்திருக்கும். பில் உண்மையிலேயே டேட்டாபேஸில் ஏறிய பின் உங்கள் நிரலே ஒரு சிக்னல் அனுப்பட்டும்; படி அதற்காகக் காத்திருக்கட்டும். ‘அடுத்து’ பட்டன் வைத்து ஒப்பேற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாரும் அதைத் தட்டிக்கொண்டே போய்விடுவார்கள், கையில் ஒன்றும் பதியாது.

படி முடிந்ததும் அந்த இணைப்பை டிஸ்கனெக்ட் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் பயிற்சியை இரண்டாம் முறை ஓட்டும்போது ஒரே சேமிப்புக்கு இரண்டு படி தாவும். இன்னொன்று, பயிற்சிக்குத் தனி டேட்டாபேஸ் ஃபைலைத் திறந்து கொடுங்கள். ‘சோதனை வாடிக்கையாளர்’ பெயரில் போட்ட பில் ஜிஎஸ்டி கணக்கில் ஏறினால் ஆடிட்டர் உங்களைத்தான் தேடுவார்.

மெனுவுக்குள் இருக்கும் ‘அறிக்கைகள்’ வரியைச் சுற்றிக் கட்டம் போட முடியவில்லை.
— யாழ்ப்பாண வாசகர்

விரியும் மெனு தனி விண்டோ. உங்கள் மங்கல் திரைக்கு மேலேதான் அது திறக்கும். மெனு பாரிலுள்ள தலைப்பை மட்டும் ஆக்‌ஷன்ஜியாமெட்ரி கொண்டு காட்டி, உள்ளே எந்த வரி என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். மேக்கில் அதுவும் ஆகாது. மெனு பார் அங்கே உங்கள் விண்டோவுக்கு வெளியே, திரையின் உச்சியில் இருக்கிறது. (1994-இல் ஆப்பிளின் சிஸ்டம் 7.5-இல் வந்த ‘ஆப்பிள் கைட்’ எனும் உதவி வசதி மெனு வரிகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் காட்டியது. அது சிஸ்டத்தின் சொந்தப் பிள்ளை, நமக்கு அந்தச் சலுகை இல்லை.)

எலக்ட்ரானில் (வெப் நுட்பத்தில் டெஸ்க்டாப் நிரல் எழுதும் தளம்) எழுதும் விற்பனை மென்பொருளில் இப்படிப் பயிற்சி சேர்க்க எந்த நிரலகம்?
— கோவை வாசகர்

டிரைவர்.ஜேஎஸ். மூலநிரலைத் திறக்காமலே விற்க விடும் எம்ஐடி உரிமம், தொல்லையில்லை. இன்ட்ரோ.ஜேஎஸ் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மூலநிரலைத் திறக்காமல் விற்பதென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும்.

பட்டனருகே விளக்கம் காட்டும் பயிற்சிக் குமிழில் தமிழ் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. சில இடங்களில் ‘&சேமி’ என்று வருகிறது.
— திருச்சி வாசகர்

குமிழின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து பூட்டியிருக்கிறீர்கள். ‘கி’, ‘கூ’, புள்ளி எல்லாம் மேலும் கீழும் இடம் கேட்கும். அகலத்துக்கு மட்டும் 320 பிக்சல் என்று உச்சவரம்பு வைத்து, வரியை மடிக்கும் வேர்டுரேப் போட்டு, உயரத்தை லேஅவுட்டிடமே விட்டுவிடுங்கள்.

பட்டனின் பெயரைக் குமிழுக்குள் தட்டச்சு செய்யாமல் பட்டனிடமிருந்தே எடுப்பது நல்ல பழக்கம்தான். நாளைக்குச் ‘சேமி’ என்பது ‘பதிவு செய்’ என்று மாறினாலும் பயிற்சி பொய் சொல்லாது. ஆனால் ஆல்ட் ஷார்ட்கட்டுக்காக வைத்த & குறியும் கூடவே வரும்; காட்டுமுன் அதை நீக்கிவிடுங்கள்.