கணக்கு நோட்டு யார் கையில்?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருவில் கூவி விற்கும் பெண்களுக்குச் சேமிப்புக் குழுக்கள் நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அண்மையில் புதுச்சேரியில் சமூகப் பொருளாதாரம், அதாவது மக்களே சேர்ந்து நடத்தும் பொருளாதார முயற்சிகள், பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். கூட்டுறவு, பங்கேற்பு, உள்ளூர் வளர்ச்சி என்று நாள் முழுவதும் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் திரும்பியதும் எங்கள் பெண்களிடம் அதில் எதை எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை.

உங்களிடம் மூன்று கேள்விகள். இந்த ஆய்வுகளால் எங்களைப் போல் களத்தில் நிற்பவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? எங்கள் குழுக்களில் வங்கிக் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறது. ஆனாலும் பெண்கள் தண்டல் வாங்குவதை விடவில்லை. அது அறியாமை என்று மேலதிகாரி ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. மூன்றாவது, பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் எங்கள் குழுக்களில் கணக்கெடுப்பு நடத்த அனுமதி கேட்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை என்று எங்கள் பெண்கள் சொல்கிறார்கள். அனுமதிக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

அந்தப் பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் வசூலிக்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் கொண்டு அதை ஆண்டு வட்டியாக மாற்றினால் 75 விழுக்காட்டைத் தாண்டும். விழுக்காட்டில் சொல்ல வராவிட்டாலும், தன் கையை விட்டு எவ்வளவு போகிறது என்பது கூடை தூக்கும் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் வாங்குகிறாள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விடியற்காலையில் படகு கரைக்கு வந்து ஏலம் கூறத் தொடங்கும் நேரத்தில் அவளுக்கு வேண்டியது அன்றைய கூடைக்கான முதல். அந்த முதல் சாயங்காலத்துக்குள் மீனாகி, மறுபடி பணமாகிவிடும். குழுக் கடனோ விண்ணப்பம், தீர்மானம், வங்கியின் கையெழுத்து எல்லாம் முடிந்து, அவள் தேர்ந்தெடுக்காத ஒரு நாளில், மொத்தத் தொகையாக வருகிறது. அந்த வாரம் மகளின் கல்லூரிக் கட்டணமோ, கூரையோ, பழைய கடனோ காத்திருந்தால் பணம் அங்கே போய்விடும். மறுநாள் காலை ஏலத்துக்கு மீண்டும் தண்டல்தான். இரண்டும் கடன் என்றாலும் செய்யும் வேலை வேறு. ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்பதால் மற்றொன்றின் தேவை தீர்ந்துவிடாது.

இதை நான் என் ஊகமாகச் சொல்லவில்லை. 1955-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2010-இல் உங்கள் மாவட்டத்திலும் அண்டை விழுப்புரத்திலும் 10 கிராமங்களில் 405 குடும்பங்களின் கடன், வேலை, வருமானம் ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தார்கள். 2016-17-இல் மீண்டும் அதே ஊர்களுக்குப் போனார்கள். அவர்கள் தொடர்ந்து எழுதிவரும் செய்தி இது: கிராமத்துக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் பல கடன்களைக் கையாள்கின்றன, ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைக்கின்றன, கடனை எடைபோடும்போது வட்டியை மட்டும் பார்ப்பதில்லை, தருபவர் யார், எந்தச் சாதி, திருப்பிக் கேட்கும்போது எப்படிப் பேசுவார், வாங்கியதால் பிறகு எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டிவரும் என்பதையெல்லாம் சேர்த்தே பார்க்கின்றன. சுய உதவிக் குழுக் கடன் வந்த பிறகும் பழைய கடன் வழிகள் மறையவில்லை. அவற்றோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொண்டது. உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கூட்டத்தில் சொன்னால் அது உங்கள் அபிப்பிராயம் என்று ஒதுக்கப்படுகிறது. பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் எடுத்த பதிவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலில் ஒரு பகுதி இதுவே.

மலிவான கடனைக் கொண்டுவந்தால் வட்டிக்காரர் தானாக விலகிவிடுவார் என்ற நம்பிக்கை நம் நாட்டில் மிகப் பழையது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895 முதல் வெளியிட்ட விவசாய வங்கிகள் பற்றிய அறிக்கை, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிகாட்டிகளில் ஒன்றாக அமைந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் விவசாயக் கடன் சங்கமும் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தோன்றின. நிக்கல்சனே கடன் கொடுப்பவர் வாங்குபவருக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்பதை முதல் தேவைகளில் ஒன்றாக வைத்தார். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான் என்பதை உங்களுக்காகவே இங்கே குறிப்பிடுகிறேன். நூறு ஆண்டுகளில் நாம் சட்டத்தையும் கிளைகளையும் பெருக்கிவிட்டோம். அதிகாலை ஏலக்கரைக்கு அருகில் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

இனி, கருத்தரங்கில் கேட்டவற்றில் எதை உங்கள் பெண்களிடம் எடுத்துச் செல்லலாம் என்பதற்கு வருகிறேன். எனக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையிலிருந்து வருகிறது. அங்கே மீனவர்கள் வியாபாரிகளின் கடனில் மூழ்கிக் கிடந்த காலத்தில், 1928-இல் ஆன்டிகோனிஷ் ஊரின் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் மக்களுக்கான விரிவாக்கத் துறையொன்றைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்ற பாதிரியார் அதற்குத் தலைமை ஏற்றார். அவர்கள் முதலில் சங்கம் பதிவு செய்யவில்லை, கடனும் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சிலரின் வீட்டில் கூடிப் படிக்கும் சிறு வட்டங்களை அமைத்தார்கள். நாம் பிடிக்கும் மீனுக்கு நமக்கு வருவது எவ்வளவு, சந்தையில் அதே மீன் என்ன விலைக்குப் போகிறது, இடையில் உள்ள தொகை யார் யாரிடம் தங்குகிறது என்பதை அந்த வட்டங்கள் தாமே விசாரித்து அறிந்தன. அந்த அறிவிலிருந்துதான் கடன் சங்கங்களும், லிட்டில் டோவர் என்ற சிற்றூரில் மீனவர்களே மரம் வெட்டிக் கட்டிக்கொண்ட சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலையும் வந்தன. ஆய்வு முன்னால் நடந்தது, நிறுவனம் பின்னால் வந்தது. ஆய்வு செய்தவர்களும் மீனவர்களே. பல்கலைக்கழகம் கேள்வி கேட்கவும் படிக்கவும் துணை நின்றது.

நம் பக்கத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாட்டில் தொடங்கி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக விரிந்த முயற்சியிலும் இதே பாடம் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமே உறுப்பினர். கரையில் நடக்கும் முதல் விற்பனை சங்கத்தின் கையில். விற்ற தொகையிலிருந்தே சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் ஒரு பங்கு பிடித்தம். ஏலத்தையும் கடனையும் ஒரே கை வைத்திருப்பதால்தான் வியாபாரியின் பிடி நிலைக்கிறது என்பதைச் சரியாகக் கண்டு, அந்த இடத்திலேயே கை வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. கடலுக்குப் போகிறவர்களை மையமாகக் கொண்டு கட்டப்பட்டதால், மீனைத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு அந்த அமைப்பின் நடுவில் இடம் கிடைக்கவில்லை. உங்கள் வேலை தொடங்குவது அங்கேதான்.

நம் கரையோர ஊர்களில் சமூகப் பொருளாதாரம் வெளியிலிருந்து வர வேண்டிய ஒன்றல்ல. தலைக்கட்டு வரி வைத்துக் கோயிலையும் ஊர்ச் செலவையும் நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்து, பிடித்ததைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பிரிக்கும் பங்கு முறை, சீட்டு ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றைக் கொண்டாடும் கட்டுரைகள் சில எனக்குச் சங்கடத்தையே தருகின்றன, ஏனென்றால் பெரும்பாலான ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இருக்கை இல்லை. தலைக்கட்டு என்பதே ஆணை வைத்து எண்ணப்படுவது. இருப்பதைப் பாதுகாப்பதோடு யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்பதும் ஆய்வின் கடமை.

கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் நலிந்தன என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். காரணங்கள் பல. தேர்தல் நடக்காத நீண்ட ஆண்டுகள், தனி அலுவலர் ஆட்சி, கட்சித் தலையீடு ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் முதன்மையாகக் கருதுவது, சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்துக் காட்டும் பழக்கம் வெறும் கையெழுத்துச் சடங்காகிப் போனது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது, புயலிலும் மழையிலும் இழந்தவர்களுக்கு அது நியாயமான ஆறுதல் என்றே நினைத்தேன். ஆனால் அந்தக் கடன் யாருடைய சேமிப்பிலிருந்து தரப்பட்டது, சங்கத்துக்கு அது எப்போது, எவ்வாறு ஈடு செய்யப்படும் என்பதைத் தன் சங்கத்தின் கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்ட உறுப்பினர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பொதுச் சொத்தை மக்களே நிர்வகிக்கும் இடங்களை உலகெங்கும் ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், கண்காணிப்பவர் அந்த மக்களுக்குள்ளிருந்தே வரும்போதோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கும்போதோதான் அத்தகைய அமைப்புகள் நீடிக்கின்றன என்று காட்டினார். உங்கள் குழுக்களின் கணக்கு நோட்டு இப்போது யார் கையில் இருக்கிறது? அமைப்பின் அலுவலகத்தில் என்றால், நாளைக்கே அதைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

கணக்கெடுப்புக்கு அனுமதி தரலாமா என்பது மூன்றாவது கேள்வி. தரலாம், நிபந்தனையோடு. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டு. பிறகு 1930களிலும், 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் அதே ஊரை வெவ்வேறு ஆய்வாளர்கள் மீண்டும் ஆராய்ந்தார்கள். நிலம், கூலி, சாதி ஆகியவற்றில் நூறு ஆண்டில் நடந்த மாற்றத்தை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் பதிவுகள் இந்தியாவிலேயே அரிது. ஆய்வாளர் திரும்பி வருவதன் மதிப்பு இது. ஒருமுறை வந்து படிவம் நிரப்பிப் போவதில் இதில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்காது.

ஆய்வு எந்த மொழியில், எந்த நேரத்தில் மக்களிடம் வர வேண்டும் என்பதற்குப் புதுச்சேரிக் கரையே சாட்சி. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையங்கள், இணையத்தில் கிடைத்த கடல் அலை முன்னறிவிப்பைத் தமிழில் மாற்றி, வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் ஒலிபெருக்கியில் வாசித்தன. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், நல்லவாடு மக்கள் அந்த ஒலிபெருக்கியின் வழியாகவே ஒருவருக்கொருவர் தகவல் சொல்லி உயிர் தப்பினார்கள்.

ஆகவே வருகிறவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். கேள்விகளில் பாதியையாவது உங்கள் பெண்கள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அவர்கள் தரும் அரைநாள் நேரத்துக்கு அன்றைய வருமான இழப்பை ஈடு செய்ய வேண்டும். எழுதுவதற்கு முன், கண்டதைத் தமிழில் குழுவின் முன் வாசித்துக் காட்ட வேண்டும். தவறு என்று பெண்கள் சொன்னால் அதையும் பதிய வேண்டும். கடன் விவரங்களில் பெயர் வெளிவரக் கூடாது. ஒப்பாதவர்களை மரியாதையோடு அனுப்பிவிடுங்கள், அதனால் இழப்பு எதுவும் இல்லை.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விருப்பமுள்ள பத்துப் பெண்களோடு நீங்களே தொடங்குங்கள். ஒவ்வொருவரும் அன்றன்று ஏலத்தில் கொடுத்த விலை, ஏலக்காரரிடம் வைத்த பாக்கி, ஐஸ், ஆட்டோ, சந்தையில் உட்காரக் கொடுத்த காசு, விற்ற தொகை, மீந்துபோன மீன், தண்டலுக்குக் கட்டியது என்று எழுதட்டும். எழுத முடியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பேத்தி எழுதட்டும். மூன்று மாதக் கணக்கை ஒரு மாலையில் எல்லோரும் கேட்க வாசியுங்கள். ஐஸையும் ஆட்டோவையும் சேர்ந்து அமர்த்தினால் எவ்வளவு மிஞ்சும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு வங்கிக்குப் போய், ஒரே தொகையாகத் தரும் கடனுக்குப் பதிலாக, தேவைப்படும்போது எடுத்துப் பணம் வந்ததும் கட்டும் ரொக்கக் கடன் வரம்பைக் கேளுங்கள். அதிலிருந்து குழுவில் ஒருவர் விடியற்காலையில் துறைமுகத்திலேயே முதல் கொடுக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று குழுவோடு பேசுங்கள். முடியும் என்றே நம்புகிறேன். தண்டலோடு போட்டி போடக்கூடிய இடம் அது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ஏலக்கரைக்கு வரும் மீன் வெகுவாகக் குறையும். விற்கும் பெண்ணின் கடன் கூடும். எனவே கணக்கைத் தை மாதத்திலேயே தொடங்கிவிட்டால், தடைக்காலத்துக்கு முந்தைய மூன்று மாதமும் தடைக்காலமும் அருகருகே கிடைக்கும். வாசிப்பு மாலைக்கு என்னை அழைத்தால் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்.