‘நியாயமான சந்தேகம்’ தப்பாக விளக்கப்பட்டால்: அமெரிக்க மரண தண்டனை மேல்முறையீடு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: குற்றம் ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபணமாக வேண்டும் என்பதை நீதிபதி ஜூரிக்கு (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு) தவறாக விளக்கிவிட்டார் என்று மேல்முறையீடு செய்தால், மேல் நீதிமன்றம் எதைப் பார்க்கும் சார்?

பதில்: ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்க்காது, அறிவுறுத்தல் முழுவதையும் படிக்கும். தேவைக்குக் குறைந்த நிரூபணத்திலேயே ‘குற்றவாளி’ என்று சொல்லலாம் என ஜூரி புரிந்துகொண்டிருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பதுதான் அளவுகோல். 1990-இல் கேஜ் எதிர் லூசியானா வழக்கில் ‘அப்படிப் புரிந்துகொண்டிருக்கக்கூடும்’ என்றாலே போதும் என்ற தொனி இருந்தது. மறு ஆண்டே எஸ்டெல் எதிர் மெக்குவயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிவிட்டது. மனுவில் பழையதை எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: கேஜ் வழக்கில் என்னதான் தப்பு?

பதில்: மூன்று சொற்கள் சேர்ந்து வந்தன. சந்தேகம் ‘கடுமையான நிச்சயமின்மை’யை உண்டாக்க வேண்டும், அது ‘உண்மையான, கணிசமான சந்தேகம்’, குற்றம் ‘தார்மீக நிச்சயம்’ ஆக வேண்டும் என்றார் நீதிபதி. விடுதலைக்குத் தேவையான சந்தேகத்தின் அளவை முதல் இரண்டும் உயர்த்திவிட்டன. ‘தார்மீக’ என்ற சொல்லோ ஜூரியைச் சாட்சியத்திலிருந்து உள்ளுணர்வுப் பக்கம் திருப்பிவிடக்கூடியது.

கேள்வி: அப்படியானால் விக்டர் எதிர் நெப்ராஸ்கா (1994) வழக்கில் அதே ‘கணிசமான’ இருந்தும் தண்டனை ஏன் நின்றது?

பதில்: அங்கே அடுத்த வரியே அதற்கு வேலி போட்டது: வெறும் சாத்தியம், வெற்றுக் கற்பனை, விபரீத ஊகம் ஆகியவற்றிலிருந்து வேறுபட்ட சந்தேகம் என்று. ‘கணிசமான’ என்றால் ‘பெரிய’ அல்ல, ‘வெறும் கற்பனையல்லாத’ என்று ஜூரிக்குப் புரியும் என நீதிபதி ஓ’கானர் எழுதினார். முக்கியமான காரியத்தில் விவேகி தயங்கி நிற்கும்படியான சந்தேகம் என்ற மாற்று விளக்கமும் அங்கே இருந்தது. கலிபோர்னியாவின் சாண்டோவல் வழக்கும் அதே தீர்ப்பில்தான் முடிந்தது. ‘தார்மீக நிச்சயம்’ என்ற சொல்லை அந்த நீதிமன்றமே ஆதரிக்கவில்லை. சுற்றியிருந்த வாசகம்தான் அதைக் காப்பாற்றியது. என் பார்வையில், உயிர் போகிற வழக்கில் இப்படிச் சுற்றுவாசகத்தை நம்புவது மெலிந்த பாதுகாப்பு. நீதிபதி கின்ஸ்பர்க் பரிந்துரைத்த ‘உறுதியாக நம்பும்படி’ என்ற எளிய வாசகமே மேல்.

கேள்வி: சாட்சியம் மலைபோல் இருந்தாலும் தண்டனை ரத்தாகுமா?

பதில்: ஆகும். 1993, சல்லிவன் எதிர் லூசியானா. தவறான அளவுகோலில் வந்தது ஜூரித் தீர்ப்பே அல்ல. இல்லாத தீர்ப்பைத் ‘தவறு பாதிக்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது? மேல் நீதிமன்றம் தானே குற்றவாளி என்று முடிவெடுத்தால் அது ஜூரியின் இடத்தைப் பிடுங்குவதாகும். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இது.

கேள்வி: விசாரணையில் வக்கீல் ஆட்சேபிக்கவில்லையே அண்ணா?

பதில்: அங்கேதான் பல வழக்குகள் கவிழ்கின்றன. இது தீர்ப்பையே செல்லாததாக்கும் அடிப்படைத் தவறு என்பதற்காகவே ஆட்சேபணை தேவையில்லை என்றாகிவிடாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் ‘வெளிப்படையான தவறு’ என்ற கடினமான சோதனையைத் தாண்ட வேண்டும். மாநில விதிகள் வேறுபடும். முதலில் நீதிமன்றப் பதிவை எடுத்து, வாய்மொழியாக வாசித்ததையும் ஜூரி கையில் கொடுத்த எழுத்துப் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழைய வழக்கில் இப்போது இதை எழுப்பலாமா?

பதில்: முதல் மேல்முறையீட்டிலேயே எழுப்பியிருக்க வேண்டும். மேல்முறையீடுகள் முடிந்த பிறகு, சிறைவைப்பே சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் போடும் ஹேபியஸ் மனுவை இரண்டாவது முறை போட்டால், அதில் கேஜ் விதி உதவாது என்று 2001-இல் டைலர் எதிர் கெய்ன் வழக்கில் 5-4 என்று தீர்ப்பாகிவிட்டது.