கேள்வி – பதில்: தாத்தாவின் தொப்பி பேட்ஜ் அசலா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் பணியாற்றிய என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், கிரீடம் பொறித்த பித்தளைத் தொப்பி பேட்ஜ் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் தயாரிப்பாளர் பெயர் இல்லாததால் அது போலி என்கிறார் உறவினர் ஒருவர். புளி போட்டுத் தேய்த்தால் நல்ல விலை போகும் என்கிறார் பழைய சாமான் வியாபாரி. நான் என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: புளி, எலுமிச்சை, பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் எதையும் தயவுசெய்து அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். சிப்பாய்கள் அணிவகுப்புக்கு முன்னால் பேட்ஜை நாள்தோறும் துடைத்து மெருகேற்றியவர்கள் என்பதால், அசல் பேட்ஜில் கிரீடத்தின் உச்சி, எழுத்துகளின் விளிம்பு போன்ற மேடான இடங்கள் மழுங்கியிருக்கும். பள்ளங்களில் பழைய பாலிஷ் காய்ந்து வெளுப்பும் பச்சையுமாக ஒட்டியிருக்கும். அமிலத்தில் நனைத்துப் பழசாக்கிய போலியிலோ மேடும் பள்ளமும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். இந்த வேறுபாட்டைப் புளி ஒரே நாளில் அழித்துவிடும். சேகரிப்பாளர்கள் தரும் விலையும் அதோடு இறங்கிவிடும்.

பெயர் இல்லாதது குறையே அன்று; செய்முறையைத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பித்தளைத் தகட்டை அச்சில் அடித்துச் செய்த பேட்ஜுகளில் முன்பக்கப் புடைப்பு பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். அங்கே வார்ப்பு, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தது, என்றாலே சந்தேகப்படுவார்கள். ஆனால் போர்க்காலத்தில் இந்தியாவிலேயே உள்ளூர்ப் பட்டறைகள் பேட்ஜுகளை வார்த்துக் கொடுத்தன. அவற்றில் சொரசொரப்பும் நுண்துளைகளும் அரத்தின் கீறல்களும் இருப்பது இயல்பு. எனவே அந்த விதியை நம் ஊர்ப் பேட்ஜுக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடச் சற்றுச் சிறிதாகிவிடும் என்பதால், சந்தேகமற்ற ஒன்றோடு வைத்து வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியால் அளந்து பார்ப்பது நல்ல சோதனை. பின்பக்க வளையங்களைப் பற்றவைத்த ஈயம் புதிதாக மின்னினால் மட்டும் யோசியுங்கள். அதுவும் பின்னாளில் பழுதுபார்த்ததாக இருக்கலாம்.

கிரீடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலத்துக் கிரீடத்தில் வளைவுகள் நடுவில் குவிந்து உயர்ந்திருக்கும். இரண்டாம் எலிசபெத்தின் காலத்தில் வந்ததில் நடுவில் தாழ்ந்திருக்கும். இந்தியா 1950 ஜனவரி 26 அன்றே குடியரசாகி, படைச் சின்னங்களிலிருந்து கிரீடத்தை நீக்கிவிட்டது. ஆகையால் இந்தியப் படைப்பிரிவின் பெயரோடு எலிசபெத் கிரீடம் இருந்தால், வேறு எதையும் பார்க்காமலே அதைப் போலி என்று ஒதுக்கிவிடலாம். விக்டோரியா காலத்துக் கிரீடமும் நடுவில் தாழ்ந்ததே என்றாலும், உங்கள் தாத்தாவின் காலத்துக்கு அது பொருந்தாது.

விலையைப் பொறுத்தவரை, தனிப் பேட்ஜைவிடத் தாத்தாவின் விடுவிப்புச் சான்றிதழ், சம்பளப் புத்தகம், பதக்கங்கள் ஆகியவற்றோடு சேர்ந்த பேட்ஜுக்கே மதிப்பு அதிகம். வியாபாரி பேட்ஜை மட்டும் கேட்டாலும் பிரித்துக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், அது குடும்பத்திலேயே இருக்கட்டும் என்பேன்.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கடையில், யானை பொறித்த தொப்பி பேட்ஜைக் கட்டபொம்மன் காலத்துக் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையுடையது என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். மதராஸ் படையின் யானைச் சின்னம், 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியருக்கு எதிராக நடந்த அசாயே போரில் காட்டிய வீரத்துக்காகக் கிடைத்தது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16 அன்று. அதுவரை அந்த யானை பிறக்கவே இல்லை. உலோகத் தொப்பி பேட்ஜ் பரவலானதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கேடயத்தின் மேல் யானையும் குறுக்கு வாள்களும் இருந்தால் அது இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னம். பணியில் உள்ள வீரர்கள் இப்போதும் அணிகிறார்கள் என்பதால் அதற்கு அந்த விலை கிடையாது. உண்மையிலேயே நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள் கைக்கு வந்தால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இணையத்தில் அயல்நாட்டார் கேட்டாலும் விற்றுவிடாதீர்கள்.