தலையை அவரே பின்னட்டும்

கேள்வி: என் மனைவிக்கு வயது 46. புற்றுநோய்க்காக வலது மார்பகத்தையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கீமோ, கதிர்வீச்சு முடிந்து ஓராண்டு ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். நாங்கள் அவளை ஒரு தம்ளரைக்கூடத் தூக்க விடுவதில்லை. தலைகூட மகள்தான் பின்னிவிடுகிறாள். இன்னும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இதுவரை செய்வதைக் குறையுங்கள். "தலைகூட மகள்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 46 வயதுப் பெண்ணால் ஏன் தன் தலையைப் பின்ன முடியவில்லை? கை பின்னந்தலைக்குப் போகிறதா என்று ஒருநாளாவது பார்த்தீர்களா? அக்குளில் அறுவை, அதன்மேல் கதிர்வீச்சு. தோலும் தசையும் சுருங்கும். கையை அசைக்காமல் வைத்தால் தோள்மூட்டும் இறுகிப்போகும். அன்பினால்தான் அசைய விடவில்லை. ஆனாலும் தப்பு தப்புதான். தன் வீட்டில் தனக்கொரு வேலையும் இல்லை என்றானவர் அழாமல் என்ன செய்வார்? மனைவியைத் தாங்குவது கணவன் கடமை. அவர் இடத்தை அவரிடமே திருப்பிக் கொடுப்பதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட்டிடம் இந்த வாரமே காட்டுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது: வெந்நீரில் குளித்ததும் சுவரைப் பார்த்து நின்று, வலக்கை விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏற வேண்டும். இழுக்கிற இடத்தில் சில நொடி நின்று, மெதுவாக இறங்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. 5 முதல் 7 முறை. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அக்குளிலிருந்து முழங்கைவரை கயிறுபோல் புடைத்து இழுத்தால் அதையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையால் எடை தூக்கினால் வீங்குமே என்பீர்கள். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த பெண்களே மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை கூட்டிப் பயின்றார்கள்; அதனால் வீக்கம் அதிகமாகவில்லை. தம்ளருக்கா பயம்? வளையல் இறுகினால், கை கனத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கை சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் அவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தசோகையும் தைராய்டும் சோர்வைத் தரும், அவற்றையும் சோதித்துவிடுங்கள்.

நாளைக் காலை சீப்பை அவர் கையில் கொடுங்கள். கை எட்டாவிட்டால் முழங்கையை மேசைமேல் ஊன்றி, எட்டும்வரை வாரட்டும். கல்லூரிக்கு நேரமாகிறதென்று மகள் அதைப் பிடுங்கக் கூடாது.