மைக் ஹோல்டர்: கோல்ஃப் திடலிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு (கேள்வி பதில்)

அமெரிக்காவின் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் பயிற்சியாளராக இருந்து விளையாட்டு இயக்குநரான மைக் ஹோல்டர் பற்றி வந்த கேள்விகள்.

கே: கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவரிடம் மொத்த விளையாட்டுத் துறையையும் எப்படி அண்ணே ஒப்படைத்தார்கள்?
1973 முதல் 2005 வரை பயிற்சியாளர், 8 தேசியப் பட்டம். ஆனால் கோப்பையை எண்ணி நிர்வாகியை எடை போடாதீர்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டில்வாட்டர் ஊருக்கு அருகே கார்ஸ்டன் கிரீக் திடலைப் பாருங்கள். ஓக் மரக்காட்டுக்கு நடுவே டாம் ஃபாசியோ வடிவமைத்தது, 1994-ல் திறந்தது. கோல்ஃப் மட்டைகள் செய்யும் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைமின் பெயர் அதற்கு. அந்தத் திடலுக்குப் பணம் திரட்டியவர் ஹோல்டர். 2005-ல் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருந்தது பணக்காரர்களிடம் கூசாமல் கேட்கத் தெரிந்த அந்த வாய்தான்.

கே: கோல்ஃப் வீரர் ரிக்கி ஃபவுலர் இவரிடம்தானே ஆடினார்?
இல்லை. அவருக்குப் பயிற்சியாளர், ஹோல்டருக்கு அடுத்து வந்த மைக் மெக்ரா. ஹோல்டரிடம் ஆடியவர்கள் பாப் ட்வே, ஸ்காட் வெர்பிளாங்க்.

கே: 8 பட்டம் வாங்கியவர் நிர்வாகத்திலும் கில்லியாகத்தானே இருப்பார்?
முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பிக்கன்ஸ் கொடுத்த பணத்தில் என்ன சர்ச்சை?
இதற்குத்தான் காத்திருந்தேன். எண்ணெய் முதலாளி பூன் பிக்கன்ஸ் கொடுத்தது 16.5 கோடி டாலர். கல்லூரி விளையாட்டுக்கு அதுவரை யாரும் ஒரே தவணையில் அவ்வளவு கொடுத்ததில்லை. பணம் போனது கோல்ஃப் அணிக்கான ஓர் அறக்கட்டளைக்கு. அதன் குழுவில் பிக்கன்ஸும் உண்டு, ஹோல்டரும் உண்டு. ஒரு மணி நேரம்கூடத் தங்காமல் அது பிக்கன்ஸின் சொந்த முதலீட்டு நிதிக்கே திரும்பிவிட்டது!

கே: அதனால் என்ன? லாபம் வந்ததே!
வந்தது, 2008 சரிவு வரை. பிறகு பெரும் பங்கு கரைந்து, கட்டடத் திட்டங்கள் நின்றன.

கே: பிக்கன்ஸ் இல்லையென்றால் இன்றைய ஸ்டேடியமே இல்லை ஐயா. நன்றி வேண்டாமா?
ஸ்டேடியத்துக்கே அவர் பெயர்தானே, அந்த நன்றி போதாதா? வலக்கையால் கொடுத்து இடக்கையால் வாங்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

கே: இன்ஷூரன்ஸ் கதை?
அதுவும் இவர் காலத்தில்தான். வயதான ஆதரவாளர்கள் 27 பேரின் பெயரில் தலா 1 கோடி டாலர் பாலிசி. அவர்கள் இறந்தால் பணம் விளையாட்டுத் துறைக்கு. பிரீமியம் கோடிக்கணக்கில் போனது, ஒருவரும் சாகவில்லை. திட்டத்தைக் கைவிட்டு வழக்குப் போட்டார்கள், அதிலும் தோல்வி.

கே: என் மகனுக்கு கோல்ஃப் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
அந்தந்தக் கல்லூரிப் பயிற்சியாளருக்கு எழுதுங்கள் அம்மா. ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்தே 4.5 ஸ்காலர்ஷிப்தான் என்று பல காலம் இருந்தது.

கே: 8 பட்டம் வென்றவர் ஏன் 2021-ல் விலகினார்...
மறுபடியும் 8-ஆ? ஓய்வு பெற்றார். அடுத்தவர் சாட் வைபர்க்.