லினக்ஸ் கேள்வி பதில்: ஸ்டேபிளோடு டெஸ்டிங்கைக் கலக்கலாமா?

கேள்வி: லேப்டாப்பில் டெபியன் 13 லினக்ஸின் ஸ்டேபிள் (நிலையான வெளியீடு) ஓடுகிறது. கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரின் புதுப் பதிப்பு வேண்டும் என்று, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகிவரும் டெஸ்டிங் ரெப்போவையும் (மென்பொருள் களஞ்சியம்) சேர்த்தேன். இப்போது அப்கிரேடு கொடுத்தால் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை மாற்றட்டுமா என்று கேட்கிறது, பயந்து நிறுத்திவிட்டேன். ஸ்டேபிளுக்கு 1001 என்று முன்னுரிமை கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நிறுத்தியது நல்லதாயிற்று. 1001 வேண்டவே வேண்டாம். 1000-க்கு மேல் போனால், ஏற்கெனவே ஏறிய புது பதிப்பைக்கூடப் பழையதற்கு இறக்கிவிடு என்று, பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்ட்டுக்கு உத்தரவு போடுகிறீர்கள் என்று அர்த்தம். அப்படி இறக்குவதற்கு டெபியன் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

உங்களுக்கு நடந்தது இதுதான். ஸ்டேபிள், டெஸ்டிங் இரண்டுக்கும் இயல்பான முன்னுரிமை எண் 500. எண் சமம் என்றால் பதிப்பு எது புதிதோ அதுதான் ஜெயிக்கும், அதனால் மொத்த சிஸ்டமும் டெஸ்டிங் பக்கம் சாயப் பார்த்திருக்கிறது. இதற்கு ஆப்ட்டின் ப்ரிஃபரன்சஸ் டைரக்டரியில் ஒரு சின்ன ஃபைல் போதும். பேக்கேஜ் வரியில் நட்சத்திரக் குறி, 'பின்' என்று தொடங்கும் வரியில் டெஸ்டிங் வெளியீடு, மூன்றாவது வரியில் எண் 100. (ஃபைல் பெயருக்கு வால் (எக்ஸ்டென்ஷன்) வேண்டாம், அல்லது 'ப்ரெஃப்' என்று இருக்கட்டும், வேறு வால் வைத்தால் ஆப்ட் படிக்காது.)

ஏன் 100? இன்ஸ்டால் ஆகிவிட்ட பதிப்புக்கு ஆப்ட் தருகிற எண்ணும் 100தான். டெஸ்டிங்குக்கு 50 என்று வைத்தால், அங்கிருந்து நீங்கள் எடுத்த பேக்கேஜுக்கு அடுத்த அப்டேட் தானாக வராது, பாதுகாப்புத் திருத்தம் உட்பட எல்லாம் நின்றுவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஃபைலைச் சேவ் செய்ததும் 'ஆப்ட் பாலிசி' ஓட்டி எண்களைப் பார்த்துவிடுங்கள்.

சரி, எண் வைத்தாயிற்று, கேடென்லைவ் பத்திரமாக வந்துவிடுமா? அதுதான் இல்லை. முன்னுரிமை எண் தேர்வு வரிசையை மட்டும்தான் சொல்லும், சார்புகளை (ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) அது தடுக்காது. டெஸ்டிங்கில் இருக்கிற கேடென்லைவ் அங்குள்ள க்யூட்டி, கேடிஈ லைப்ரரிகளைக் கேட்கும், அவை லிப்சியை (ஏறக்குறைய எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) கேட்கலாம், அப்புறம் அதை நம்பி ஓடுகிற எல்லாமே புது லிப்சி மேல்தான் ஓடும். ஆகவே முதலில் இன்ஸ்டால் கட்டளையோடு 'மைனஸ் எஸ்' போட்டு ஒத்திகை பாருங்கள். பட்டியலில் லிப்சி தென்பட்டாலோ, எதையாவது நீக்கப்போவதாகச் சொன்னாலோ விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு மென்பொருளுக்காக இவ்வளவு பாடு தேவையில்லை. டெஸ்டிங் வரியை எடுத்துவிட்டு ஃப்ளாட்ஹப் தளத்தில் இருக்கும் கேடென்லைவை, சிஸ்டத்தின் லைப்ரரிகளைத் தொடாமல் தனியாக ஓடும் ஃப்ளாட்பேக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேக்போர்ட்ஸ் (ஸ்டேபிளுக்கென்று மறுபடி கட்டித் தரும் புதுப் பதிப்புகளின் ரெப்போ) சேர்த்தும் எதுவுமே அப்கிரேடு ஆகவில்லையே?
– வாசகி, மதுரை

பதில்: அப்படித்தான் இருக்கும். பேக்போர்ட்ஸின் இயல்பான எண்ணே 100, நீங்கள் கேட்காமல் அது எதையும் தராது. இன்ஸ்டால் கட்டளையோடு 'மைனஸ் டி' போட்டு பேக்போர்ட்ஸ் வெளியீட்டின் பெயரைச் சொல்லி ஒருமுறை இன்ஸ்டால் செய்யுங்கள், அந்தப் பேக்கேஜுக்கு அடுத்தடுத்த அப்டேட்கள் தானாகவே வரும்.