புலி இல்லாத படங்கள்

அன்புள்ள ஐயா,

சாம்பியன் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி நூறு வருஷத்துக்கு முன்பே காட்டுப் புலிகளைப் படமெடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பா சத்தியமங்கலம் பக்கம் வாட்சராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவர். போன மாதம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியில் எழுபது எண்பது போட்டோக்கள் இருக்கின்றன. நாற்றங்கால், ஜீப், தீத்தடுப்புக் கோடு வெட்டும் ஆட்கள். ஒரு புலிகூட இல்லை. இதற்கெல்லாம் மதிப்பு உண்டா?

— ஒரு வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள்.

மதிப்பு உண்டு. எஃப். டபிள்யூ. சாம்பியன் வடக்கே இமயமலையை ஒட்டிய சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்துச் சால் மரக் காடுகளில் வேலை பார்த்தவர். (அண்ணன் ஹாரியும் வன அதிகாரிதான். 1936இல் இந்தியக் காடுகளை வகை பிரித்து எழுதியவர். வனவியல் படித்தவர்களுக்கு சாம்பியன் என்றால் அவர்தான் முதலில் நினைவுக்கு வருவார்.) துரைமார்கள் புலித்தோலின் மேல் காலை வைத்துப் போஸ் கொடுத்த காலத்தில் தம்பிக்காரர் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார். தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி, ராத்திரி புலியின் கால் அதில் பட்டதும் பளீரென்று வெளிச்சம், கூடவே படமும் பதிவாகிவிடும். 1925இல் லண்டன் வாரப் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன, 1927இல் புத்தகமாகவும்.

சரி, கம்பியை எங்கே கட்டுவது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? புலி வேறு வழி இருக்கும்போது முள்ளுக்குள் புகுந்து போகாது. காட்டுச் சாலை, வறண்ட ஓடை, தீ பரவாமலிருக்க வெட்டவெளியாக்கி வைத்த தீத்தடுப்புக் கோடு என்று நம்மைப் போலவே நல்ல பாதை பார்த்துத்தான் நடக்கும். பகலில் அதே பாதைகளில் சுற்றுவதுதான் அவருக்கு உத்தியோகம். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்று படங்களை வைத்து அவர் கண்டுகொண்டதை நம்பித்தான் இன்றைய கணக்கெடுப்பும் நடக்கிறது. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது என்பதால் இப்போது தடத்துக்கு இரண்டு பக்கமும் கேமரா வைக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தீத்தடுப்புக் கோட்டை வெட்டியது யார்? ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் புல்லைச் செதுக்கி, சருகைக் கூட்டி எரித்தவர்கள் யார்? சாம்பியன் படங்களில் திரும்பத் திரும்ப அச்சுக்கு வருவது புலிகள்தான். அந்த ஆட்கள் உங்கள் அப்பாவின் பெட்டியில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வைத்த ஆல்பத்தில் படங்கள் இருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் வருஷம், சரகம், படத்தில் இருக்கும் இடத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் எல்லாம் எழுதுங்கள். முதலில் அந்தத் தீக்கோட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு, அப்பாவோடு வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். அரிவாளோடு நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகியிருக்கும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.